பரணில் கிடந்த வானொலி



நம்மவர் இல்லங்களில் பரண் ஒரு தனி உலகம். பித்தளை அண்டாவுக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவே ஒரு மரப்பெட்டி வானொலியும் உறங்கிக்கொண்டிருக்கலாம். மட்டாஞ்சேரியிலுள்ள எங்கள் வீட்டுப் பரணிலிருந்து சென்ற மாதம் இறங்கியது பாட்டனாரின் வால்வு ரேடியோ. ஆண்டுதோறும் தபாலாபீசில் கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமப் புத்தகமும் உடனிருந்தது. வானொலி கேட்பதற்கே அரசாங்க அனுமதி வேண்டியிருந்த காலம் அது!

பிழைப்பைத் தேடி மலையாள மண்ணில் குடியேறியோர்க்கு அந்தப் பெட்டி வெறும் பொழுதுபோக்கன்று. தாய்மொழி வீட்டுக்குள் நுழைந்த வாயில். 1952இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையைக் கட்டுப்படுத்தியதும், நேயர்களின் செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. எஸ். பி. மயில்வாகனனின் குரல் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து கொச்சியை எட்டிற்று. 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி பிறந்த பின்னரும் இலங்கை வானொலியின் மீதிருந்த பற்றுக் குறையவில்லை. லண்டன் பி.பி.சி. 1941இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் இலங்கைத் தமிழறிஞர் சோ. சிவபாதசுந்தரம்.

பள்ளிப் பருவத்தில் அந்தத் தமிழோசையைச் சிற்றலையில் தேடிப் பிடிப்பதே எனது மாலை வேலை. கேட்ட நேரம், மீட்டர், ஒலியின் தெளிவு ஆகியவற்றை எழுதியனுப்பினால் அயல்நாட்டு நிலையங்கள் வண்ண அட்டை அனுப்பும். ரயில்வே உத்தியோகமும் இரவுப் பணியும் வந்தபின் அந்தப் பழக்கம் நின்றது. 2017 ஏப்ரல் 30இல் தமிழோசையின் வானொலிச் சேவையும் நின்றது.

இப்போது மீண்டும் திருகியைத் தொட்டிருக்கிறேன். சிற்றலை, வானின் உயரே உள்ள மின்னேற்ற அடுக்கில் பட்டுப் பூமிக்குத் திரும்புவது. பகலில் 16, 19 மீட்டர்களும், இரவில் 41, 49 மீட்டர்களும் நெடுந்தொலைவுக்கு ஏற்றவை. இவற்றினிடையே மெல்லிய குரலொன்றைத் துழாவிப் பிடிப்பதில் உள்ள இன்பம், பொத்தானை அழுத்தியதும் கிடைப்பதில் இல்லை.

பழைய பெட்டியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகலாகாது. பல்லாண்டு கிடந்த கண்டென்சர்கள் பழுதுபட்டிருக்கும். பழகிய மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிய பின்னரே உயிர் கொடுக்கவேண்டும். பத்து மீட்டர் செப்புக் கம்பி ஏரியலுக்குப் போதும்; இடிமழை வருமுன் அதைக் கழற்றிவிடுதல் அவசியம். இரைச்சல் மிகுந்தால் அருகிலுள்ள எல்.இ.டி. விளக்கையும் கைப்பேசிச் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.

“தமிழோசை நின்றபின் எதைக் கேட்பது?” என்று அன்பர்கள் வினவலாம். சிற்றலை நிலையங்கள் அருகிவிட்டன என்பது உண்மையே. எனினும் பி.பி.சி.யின் ஆங்கிலச் சேவையும் சீன வானொலியும் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றால் எங்கள் வீட்டில் தமிழுக்கே ஒரு நன்மை விளைந்திருக்கிறது. என் மகளுக்குப் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமுமே. தமிழ் எழுத்துக்களை அறிவாள், எழுதவேண்டிய தேவைதான் இல்லாதிருந்தது. கேட்போர் குறிப்பேட்டை அவளிடம் ஒப்படைத்தேன். எம்மொழியில் கேட்டாலும் நாள், நேரம், மீட்டர், செய்தியின் சாரம் ஆகியவற்றை நான்கு வரித் தமிழில் எழுதவேண்டும் என்பதே நிபந்தனை. மூன்று வாரமாகத் தவறாமல் எழுதி வருகிறாள். ‘ற’கரமும் ‘ர’கரமும் மெல்ல இடமறிந்து அமர்கின்றன.

அயலூரில் மொழி தானாகத் தங்குவதில்லை. அதற்கு அன்றாடம் ஒரு வேலை கொடுக்கவேண்டும். நம் சங்கக் குடும்பங்களின் பரண்களில் இத்தகைய பெட்டிகள் இருப்பின், பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை குழந்தைகளிடம் காட்டுங்கள்.