சாம்பியன் ஆடும் ஓப்பனிங் நமக்கு எதற்கு?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், வீட்டில் பலர் தேடிப் போகும் விளையாட்டுகளில் செஸ்ஸும் ஒன்று. பலகை வேண்டாம், காய்கள் வேண்டாம், எதிரில் உட்கார ஆள் கூட வேண்டாம். ஆனால் நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றவுடன் அடுத்த தேடல் தொடங்கிவிடுகிறது. ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களுக்கு "ஓப்பனிங்" என்று பெயர். அந்தச் சொல்லை டைப் செய்து தேடினால் வீடியோக்களும், பணம் கட்டிப் படிக்கும் பாடங்களும், மிகப் பெரிய டேட்டாபேஸ்களும் வந்து கொட்டுகின்றன. உலக சாம்பியன் ஆடும் ஓப்பனிங்கையே நாமும் படித்துவிடலாம் என்று ஆசையாக இருக்கும்.

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உங்களால் ஒரு வரியில் காரணம் சொல்ல முடிகிறதா? அந்த ஓப்பனிங்தான் உங்களுக்கு உரியது. காரணம் சொல்ல முடியாதது எவ்வளவு உயர்ந்ததானாலும் இப்போதைக்கு உங்களுக்கு உரியதல்ல.

முதலில் கட்டங்களின் பெயர்களைத் தெரிந்து கொள்வோம். திரையில் பலகையின் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்துகளும், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்களும் இருக்கும். வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் அது வந்து நிற்கும் கட்டம் இ4. இந்த அளவு தெரிந்தால் போதும்.

மனப்பாடம் ஏன் உதவாது?

வெள்ளைக்கு முதல் நகர்த்தலுக்கு 20 வழிகள் உண்டு. கருப்பும் ஒரு முறை நகர்த்திவிட்டால் பலகையில் 400 விதமான நிலைகள் வரலாம். அதற்கு மேல் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். 15 நகர்த்தல்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் எதிராளியும் புதியவர். அவர் அந்தப் பாடத்தைப் படித்திருக்க மாட்டார். 3வது அல்லது 4வது நகர்த்தலிலேயே வேறு பாதையில் போய்விடுவார். அங்கே உங்கள் மனப்பாடமும் முடிந்துவிடும்.

சிசிலியன் டிஃபென்ஸில் நைடார்ஃப் என்று ஒரு வகை உண்டு. பாபி ஃபிஷரும் கேரி காஸ்பரோவும் விரும்பி ஆடியது. அதில் 5வது நகர்த்தலில் கருப்பு, ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி ஏ6-இல் வைக்கும். வெள்ளையின் காய்கள் பி5-க்கு வராமல் தடுக்கவும், பிறகு அந்தப் பக்கம் சிப்பாய்களை முன்னேற்றவும் இந்த ஏற்பாடு. இதன் பலன் பத்து நகர்த்தல்கள் கழித்துத்தான் தெரியும். அதுவரை காத்திருந்து பயன்படுத்தத் தெரியாதவருக்கு இது வீணான ஒரு நகர்த்தல்.

இன்னொரு உதாரணம் பெர்லின் டிஃபென்ஸ். 2000-ஆம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவிடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தை விளாடிமிர் கிராம்னிக் பறித்தபோது இதுதான் அவருடைய கேடயம். அந்தப் போட்டியில் காஸ்பரோவால் ஓர் ஆட்டத்தில் கூட வெல்ல முடியவில்லை. ஆனால் இந்த ஓப்பனிங்கின் முக்கியமான வரிசையில் 8வது நகர்த்தலிலேயே ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுவிடும். கருப்பு ராஜா கோட்டை கட்ட முடியாமல் நடுவில் நிற்கும். அந்த நிலையைப் பொறுமையாகக் காப்பாற்றும் திறமை கிராம்னிக்கிடம் இருந்தது. புதியவர் அதை ஆடினால் கிடைப்பது வெறும் அவஸ்தைதான்.

குறுக்கு வழியும் வேண்டாம்

மறுபுறம், "நான்கே நகர்த்தலில் செக்மேட்" என்ற தலைப்புடன் வரும் வீடியோக்கள். ராணியை எச்5-க்கும் பிஷப்பை சி4-க்கும் கொண்டு வந்து, எஃப்7-இல் உள்ள சிப்பாயைக் குறி வைப்பது. இது முதல் சில ஆட்டங்களில் பலிக்கும். பிறகு எதிராளி விழித்துக் கொள்வார். குதிரையை சி6-க்குக் கொண்டு வந்து, ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளி உங்கள் ராணியை விரட்டுவார். அடுத்து இன்னொரு குதிரையும் எஃப்6-க்கு வந்துவிடும். அவருடைய காய்கள் வெளியே வந்திருக்க, உங்கள் ராணி மட்டும் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கும். எதிராளியின் தவறை நம்பி ஆடும் பழக்கம் உங்களை வளர விடாது.

அப்படியானால் எதை ஆடுவது?

இணையதளங்கள் தரும் ரேட்டிங் எண் தளத்துக்குத் தளம் மாறும். எனவே உங்கள் ஆட்டம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நிலை: காய்களைச் சும்மா இழந்து கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு இத்தாலியன் கேம் போதும். இ4-க்குச் சிப்பாய், எஃப்3-க்குக் குதிரை, சி4-க்குப் பிஷப், பிறகு கோட்டை கட்டுதல். சிப்பாய் நடுப்பகுதியைப் பிடிக்கிறது. குதிரை எதிரியின் சிப்பாயைத் தாக்குகிறது. பிஷப் எஃப்7-ஐப் பார்க்கிறது. ராஜா பத்திரமாகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறதல்லவா? கருப்பில் ஆடும்போதும் இதே முறைதான். இ5, குதிரை சி6, பிஷப் சி5. பிஷப்பை இங்கே வைத்தால் ராணியின் வழி திறந்திருக்கும். எதிராளி அடுத்த நகர்த்தலிலேயே குதிரையை ஜி5-க்குத் தாவவிட்டால் உங்கள் ராணி அதை வெட்டிவிடும்.

இரண்டாம் நிலை: காய்களைச் சும்மா கொடுப்பது நின்றுவிட்டது, ஆனால் ஆட்டத்தின் நடுவில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பவர்கள். இவர்கள் வெள்ளையில் ஸ்காட்ச் கேம் அல்லது குயின்ஸ் கேம்பிட்டை முயற்சிக்கலாம். கருப்பில் காரோ-கான் நல்லது. முதலில் சி6, பிறகு டி5. பிரெஞ்சு டிஃபென்ஸில் இ6 சிப்பாய் ராணிப் பக்கத்து பிஷப்பை அடைத்துவிடும். காரோ-கானில் அதற்குப் பாதை கிடைக்கிறது.

மூன்றாம் நிலை: தோற்ற ஆட்டத்தைப் பார்த்து, தோல்வி ஓப்பனிங்கில்தான் தொடங்கியது என்று தாமே கண்டுபிடிப்பவர்கள். சிசிலியனை இவர்கள் தாராளமாகத் தொடலாம்.

லண்டன் சிஸ்டம் பற்றிப் பலரும் கேட்பார்கள். எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி காய்களை அடுக்கும் முறை அது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு வசதிதான். ஆனால் கற்றுக் கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்கு அதை முதலில் தருவதை நான் ஏற்கவில்லை. எதிராளியின் நகர்த்தலைப் பார்க்காமலே காய்களை அடுக்கும் பழக்கம் வந்துவிடும்.

கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

லிச்செஸ் தளம் முற்றிலும் இலவசம். விளம்பரங்களும் இல்லை. அதன் அனாலிசிஸ் பலகையில் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் என்ற வசதி உள்ளது. ஒவ்வொரு நகர்த்தலிலும் எத்தனை சதவீதம் வெற்றி, எத்தனை சதவீதம் டிரா என்று அது காட்டும். இதில் மாஸ்டர்ஸ் என்ற பிரிவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெரிய ஆட்டக்காரர்கள் ஆடியது. லிச்செஸ் என்ற பிரிவில் கிளிக் செய்து, செட்டிங்ஸில் உங்கள் ரேட்டிங்கை ஒட்டிய அளவைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு எதிரே உட்காரப் போகிறவர்கள் உண்மையில் என்ன ஆடுகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

அடுத்து, ஸ்டாக்ஃபிஷ் போன்ற புரோகிராம்கள் காட்டும் எண். 1 என்றால் பொதுவாக ஏறக்குறைய ஒரு சிப்பாய் அதிகம் இருப்பதற்குச் சமம் எனலாம். ஓப்பனிங்கில் 0.2, 0.3 என்று வரும் வித்தியாசத்தைப் பார்த்து ஓப்பனிங்கை மாற்றாதீர்கள். 12வது நகர்த்தலில் ஒரு குதிரையைச் சும்மா கொடுக்கும் ஆட்டத்தில் 0.3 எந்த மூலைக்கு?

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் கடைசியாகத் தோற்ற 10 ஆட்டங்களைத் திறந்து, முதல் பெரிய தவறு எத்தனையாவது நகர்த்தலில் நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவை 10-க்குப் பிறகு என்றால் ஓப்பனிங் பாடத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது ஓர் இரட்டைத் தாக்குதலைப் பார்க்கும் கண்.

"ஆரம்பத்திலிருந்தே சிறந்ததைப் படித்தால் பிறகு மாற்ற வேண்டியதில்லையே" என்று சிலர் வாதிடுவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எளியது என்றால் தாழ்ந்தது என்று பொருளல்ல. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன போட்டியின் 2வது ஆட்டத்தில் டிங் லிரென் ஆடியது இதே இத்தாலியன்தான். இன்று நீங்கள் படிப்பது நாளையும் உதவும்.

சாம்பியன்களுக்கும் பழகிய தரை தேவை என்பதற்கு 1997 மே 11 சாட்சி. டீப் புளூ கம்ப்யூட்டருக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவ் தம் வழக்கமான சிசிலியனை விட்டு காரோ-கான் ஆடினார். 7வது நகர்த்தலில் எச்6 என்று சிப்பாயைத் தள்ளினார். டீப் புளூ உடனே குதிரையைத் தியாகம் செய்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்துவிட்டது. அவருக்கே அப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

எனவே இந்த மாதம் ஒரே ஓப்பனிங்கை எடுத்துக் கொள்ளுங்கள். குறைந்தது 30 ஆட்டங்கள் அதையே ஆடுங்கள். ஒவ்வொரு முறை மவுஸைக் கிளிக் செய்வதற்கு முன்பும் "இது எதற்கு?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். பதில் வந்தால் நகர்த்துங்கள். வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.