எத்தனை மரம் வெட்டுகிறீர்கள்?

நாகர்கோவிலுக்கு அப்பால் மலையடிவாரத்தில் உள்ள கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுபவரின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் விளக்கு, கையில் கத்தி, ஆளுக்கு ஏறக்குறைய 300 மரம். பழைய கீற்றில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்து, பட்டையை மெல்லச் சீவி, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். இடையில் ஏற்றமோ இறக்கமோ இருக்கும். வெட்டி முடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலெடுக்க அதே சரிவில் இன்னொரு சுற்று.

இந்தத் தொழிலாளி மருத்துவர்களாகிய நம் முன் வந்து உட்காரும்போது, மூச்சிரைப்பை அளக்கும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலை எடுக்கிறோம். சமதளத்தில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்றுதான் அது பெரும்பாலும் கேட்கிறது. அரசு ரப்பர் கழகத்தின் தோட்டத்தில் சமதளத்தை எங்கே தேடுவது? மழைக்காலத் தடுமனோ ஃபுளூவோ கோவிடோ வந்து போன பிறகு அவர் சொல்வது வேறு: "காய்ச்சல் விட்டாச்சு சாரே, ஏத்தம் ஏறினா எளைக்கு." சீட்டில் நாம் எழுதுவதோ "காய்ச்சல் இல்லை, நலம்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் விழுந்துவிடும் நோயாளியைப் பற்றியதே இந்த உரை.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவருக்கு வைரஸ் தொற்று வந்தால் அது ஒரு வாரத்தோடு போய்விடுவதில்லை. கிழக்கு லண்டன் நோயாளிகளை நாள்தோறும் குறிப்பெடுக்கவைத்து சீமுங்கல், வெட்ஜிகா குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிய நிகழ்வுகளில் நான்கில் ஒரு பங்குக்கு 35 நாள் கழிந்தும் மூச்சை ஊதும் உச்ச வேகம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 7 விழுக்காட்டில் 91 நாளாகியும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அதே குழு, வைரஸ் கண்டறியப்பட்ட நிகழ்வுகளில் அறிகுறிகள் தணிய எடுத்த இடைநிலைக் காலம் 13 நாள், மற்றவற்றில் 6 நாள் என்று காட்டியது. வேறோர் ஆய்வில், அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு எஃப்.இ.வி.1 (முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு) ஆண்டுக்கு 40 மி.லி. அளவில் குறைந்தது, மற்றவர்களுக்கு 32 மி.லி. கணக்கில் சிறிய வித்தியாசம்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அது வட்டியாகச் சேர்கிறது.

இதன் காரணத்தை நாம் அறிவோம். வைரஸ் மூச்சுக்குழலின் மயிர்த்தோலைச் சிதைக்கிறது. சளி வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ரைனோவைரஸை வேண்டுமென்றே செலுத்தி 2012-ல் வெளியான ஆய்வில், சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் 60 விழுக்காட்டினருக்குப் பின்தொடர்ந்து பாக்டீரியா தொற்றும் வந்தது. அதன் உச்சம் 15-ஆம் நாளையொட்டி. "போன வாரம் நல்லாயிருந்தேன், இப்ப சளி பச்சையா வருது" என்று மூன்றாம் வாரத்தில் வருபவர் சொல்வது இந்தக் கதையைத்தான். படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைத் தசையும் வற்றுகிறது. இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது: நோய் முற்றியபின் வரும் முதல் மாதத்தில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் உயர்கிறது. எல்லா இளைப்பையும் நுரையீரல் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இளைப்புக்குக் காரணம் எது என்ற இந்தக் குழப்பத்தைக் கோவிட் கூட்டியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முதல் அலைக்குப் பின் 207 பேரைப் பரிசோதித்ததில், 44 விழுக்காட்டினருக்கு நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறன் குறைந்திருந்தது. சாதாரண ஸ்பைரோமெட்ரியில் இந்தக் குறை தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையோ, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளைத்தான் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்கிறது. ஏற்கெனவே இளைப்பு உள்ளவருக்கு இதை எப்படிப் பொருத்துவது? அவருடைய புதிய இளைப்பை விளக்கப் பழைய நோய் எப்போதும் தயாராக நிற்கிறது. இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவரே கணக்கில் குறைவாக வருகிறார்.

நம் மாவட்டத்தில் பழைய நோய் ஒன்றோடு நிற்பதுமில்லை. பீடி புகைத்தவர் ஒருபுறம், ஆயுள் முழுக்க விறகடுப்பு ஊதிய பெண்கள் மறுபுறம், காசநோய் குணமாகி வடு மட்டும் மிஞ்சியவர்கள் இன்னொரு புறம். இன்று மருத்துவக் கல்லூரி நிற்கும் ஆசாரிப்பள்ளம், ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையால் அறியப்பட்ட ஊர். அந்த வடுவின் மேல் புதிய வைரஸ் ஏறும்போது, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு.

ஆகவே நம் வழக்கத்தில் இரண்டு மாற்றங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, நலமாக இருக்கும்போதே நோயாளியின் பழைய நிலையை அவருடைய வேலையின் அளவில் எழுதிவைப்பது. "நிற்காமல் எத்தனை மரம் வெட்டுகிறீர்கள்? நிறைந்த வாளியோடு எங்கே முதலில் இளைப்பாறுவீர்கள்?" வீட்டிலிருக்கும் அம்மாவிடம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை எட்டு நடப்பார் என்று கேட்கலாம். இதற்குக் கருவி வேண்டாம். அரை நிமிடம் போதும். 300 மரத்திலிருந்து 200-க்கு இறங்கியவர், அளவுகோலில் அதே எண்ணில் நின்றாலும் இறங்கியவர்தான்.

இரண்டாவது, தொற்றுக்குப் பின் ஆறாம் வாரம் திரும்ப அழைப்பது. 35 நாளில் மீளாதவர்கள் அப்போது தாமாகவே தெரிந்துவிடுவார்கள். அன்று அதே கேள்வியைக் கேட்டு, ஒரு நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவைத்து, முன்னும் பின்னும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கலாம். இன்ஹேலரை நம் எதிரில் ஒருமுறை இழுக்கச் சொல்லலாம். ஐந்து நாளுக்குக் கொடுத்த பிரட்னிசோலோன் கடைச் சீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும், சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும். மரக் கணக்கோ ஆக்சிஜனோ குறைந்திருந்தால் எக்ஸ்ரே, இ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ, மூச்சுப் பயிற்சி.

மலையடிவாரத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு நாகர்கோவிலுக்கு வா என்பது எளிது, வருவது கடினம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலில் பார்க்கிறது. அந்தப் பையில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும், கையேட்டில் "எத்தனை மரம்" என்ற வரியும் சேர்ந்தால் ஆறாம் வாரச் சோதனையில் பாதி அங்கேயே முடியும்.

தடுப்பூசியின் காலமும் கவனத்துக்குரியது. சென்னை, வேலூர் கண்காணிப்பில் ஃபுளூவின் உச்சம் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. மழை இறங்கும் முன்னரே ஊசி போட்டாக வேண்டும். மரத்துக்கு மழை மறைப்பு கட்டும் தொழிலாளிக்கு, முன்கூட்டிச் செய்வதன் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை.

அடுத்த முறை "காய்ச்சல் விட்டாச்சு" என்பவரிடம் சீட்டை நீட்டுமுன், மரக் கணக்கையும் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.