கப்பலைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க!



சியாட்டிலில் வேலை பார்க்கும் என் மகன், "அலாஸ்காவுக்குக் கப்பல்ல போகலாம்மா" என்று விளம்பரங்களைக் காட்டினான். நீச்சல் குளம், நாடக அரங்கு, வகை வகையாய்ச் சாப்பாடு! என் கணவருக்கு ஒரே குஷி. நான் மட்டும், "இது எந்த வழியா போகுது?" என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று சிரித்தார்.

எனக்கோ மூட்டு வலி. ஊர் ஊராய் இறங்கி நடக்க முடியாது. விசாரித்ததில் தெரிந்தது, கிளேசியர் பே எனும் தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு 2 பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. எல்லாக் கப்பலும் அங்கே போகாது. போகிற கப்பலில் மேல்தளத்தில் உட்கார்ந்தபடியே பனியாறு உடைந்து கடலில் விழுவதைப் பார்க்கலாம். குளிர்காலத்தை ஹவாய் பக்கம் கழிக்கும் திமிங்கலங்கள் கோடையில் இரை தேடி வருவதும் இந்தப் பக்கம்தான்.

வான்கூவரில் ஏறினால் பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவே அலை குறைந்த பாதை. ஆனால் நமக்குக் கனடா விசாவும் வேண்டும். சியாட்டிலில் ஏறினால் வெளிக்கடலில் ஆட்டம் கொஞ்சம் கூடுதல். பயணக் காலம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை.

இதையெல்லாம் சொன்னதும் மகன் வேறு கப்பல் பார்த்தான். அவரும் வாயை மூடிக்கொண்டார்!

சுற்றுலா என்றால் பெட்டி அடுக்குவதும் முறுக்கு சுடுவதும்தான் நம் வேலையா? முடிவெடுக்கும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள். செலவாவது குடும்பப் பணம். வலிப்பது நம் முழங்கால் ஆயிற்றே!

- ஒரு வாசகி, திருச்சி.