விஞ்ஞானம் கற்றவனுக்கு நிர்வாகம் எதற்கு?

“விஞ்ஞானம் படித்தவன் விஞ்ஞானத்திலேயே நிற்க வேண்டும், நிர்வாகம் வணிகம் கற்றவர்களின் வேலை” என்றொரு வாதம் விடுதியில் அடிக்கடி எழுகிறது. புள்ளியியல் முதுகலை முடிந்ததும் மேலாண்மை அறிவியலில் இன்னொரு முதுநிலைப் பட்டம் பயில விரும்புகிறேன் என்று நான் சொன்னதும், நண்பர்கள் சிலர் என்னைக் கட்சி மாறியவனைப் போலப் பார்த்தனர். அவர்களுக்கு மறுமொழி கூறவே இதை எழுதுகிறேன்.

இக்கலை முதலாளியின் நாற்காலியில் பிறந்ததன்று. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்கு அழைப்புகள் எவ்வாறு வந்து சேர்கின்றன என்று ஆராய்ந்து எர்லாங் என்ற கணித அறிஞர் கட்டுரை வெளியிட்டது 1909இல். நம் நகரின் இந்திய அறிவியல் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களைக் காக்கக் கணக்குப் போட்ட பிளாக்கெட், 1948இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். சிறு கூட்டங்களாக அனுப்புவதைவிடப் பெருங்கூட்டமாக அனுப்பினால் மூழ்கும் கப்பல்களின் விகிதம் குறையும் என்று அவர் குழு கண்டது. இவர்களெல்லாம் விஞ்ஞானத்தை விட்டு ஓடியவர்களா? அந்த அறிவியல் கழகத்திலேயே இன்று மேலாண்மைக்கென ஒரு துறை இயங்குகிறதே!

சிவாஜிநகரில் வாழ்கிறவனுக்கு இதைப் பாடநூலில் தேட வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தமொன்றில் மணிக்கு 300 பேர் வந்து சேர்கிறார்கள் என்றும், ஒருவர் சராசரியாக 20 நிமிடம் நிற்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். எந்நேரமும் சராசரியாக 100 பேர் அங்கே நின்றுகொண்டிருப்பர். 1961இல் லிட்டில் என்பவர் நிறுவிய விதி இது. பெருக்கத் தெரிந்தால் போதும். கூட்டத்தைக் கண்டு “நம் மக்களுக்கு ஒழுங்கே இல்லை” என்று சலித்துக்கொள்கிறோமே, அக்கூட்டத்தைக் குறைப்பது காத்திருக்கும் நேரமா அறிவுரையா என்பதை இது சொல்லிவிடும்.

ஆனால் என் ஆவலுக்கு உண்மையான காரணம் வேறு. 1947இல் டான்ட்சிக் வகுத்த முறை, கட்டுப்பாடுகளுக்குள் எது மிகக் குறைந்த செலவு என்று கண்டுபிடித்துத் தரும். எதைச் செலவாகக் கொள்வது என்பதை அது சொல்லாது. அதை மனிதரே சொல்ல வேண்டும். என் தந்தை பிழைப்புத் தேடி வேலூர்ப் பக்கமிருந்து வந்து இந்நகரில் மூட்டை சுமந்தவர். லாரி காத்து நின்றால் அதற்குத் தனி வாடகை உண்டு. லாரிக்காக அவர் காத்து நின்ற மணிகளுக்குக் கூலி இல்லை. ஆகவே கணக்குப் போடுகிறவன் லாரியின் நேரத்தைச் செலவென்று எழுதுவான். என் தந்தையின் நேரத்தைச் சுழியம் என்று எழுதுவான். விடை பிழையின்றி வரும். அந்தச் சுழியத்தை ஏனென்று கேட்பவன் அந்த அறையில் இருக்க வேண்டாமா?

“நீயும் உள்ளே போனால் அவர்களைப்போல் ஆகிவிடுவாய்” என்கிறார் ஒரு நண்பர். ஆகலாம்; சம்பளத்துக்காக மட்டும் போகிறவர்கள் ஏராளம். கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுத்தவன் அக்கடனுக்கே வேலை செய்வான் என்பதும் மெய்யே. அதனால்தான் கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தையும் நுழைவுத் தேர்வையும் நம்பியிருக்கிறேன். வெளியே நின்று ஏசுவதால் அந்தச் சுழியம் மாறப்போவதில்லை.

நம் மன்றத்தில் கணிதமும் பொருளியலும் படிக்கும் நண்பர்கள் பலர் உளர். வரும் சனிக்கிழமை விடியற்காலை ரஸ்ஸல் மார்க்கெட்டில் சுமை ஏறும் நேரத்தையும் ஆட்கள் காத்திருக்கும் நேரத்தையும் எண்ணிப் பார்க்கப் போகிறேன். ஒரு கடிகாரமும் நோட்டும் போதும். உடன்வர விரும்புவோர் ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும்.