கரிகாலனுக்காக அழ நேரமில்லை

‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் புத்தகத்தை மேஜையில் வைத்த கையோடு கிளம்பிவிட மாட்டார்கள். கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கண்டிருக்கிறேன். “இதுக்கு அடுத்த பாகம் இருக்குங்களா மேடம்?” என்பார்கள். இல்லை என்றதும் முகம் வாடிவிடும். “அப்ப கரிகாலனை யாருதாங்க கொன்னது?” என்பது அடுத்த கேள்வி. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’யையோ பாலகுமாரனின் ‘உடையா’ரையோ எடுத்துக் கொடுப்பேன். வாங்கிப் போவார்கள். ஆனால் அந்த மனக்குறை அதில் ஆறாது.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கிய கதை 1954 மே மாதம் முடிந்தபோதே, சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் ஆதங்கப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் கதையை எழுதிய கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவரும் காலமாகிவிட்டார். கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். சொல்ல வேண்டியவர் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் வந்த நாவல்கள், நாடகங்கள், யூடியூப் காணொளிகள் எல்லாம் அந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓடின. கரிகாலனின் தங்கை குந்தவை மீதே சந்தேகத்தைத் திருப்பிய நாவல்கூட உண்டு. 2023இல் வந்த படம் தன் பங்குக்கு ஒரு விடையைச் சொன்னது.

என்னைக் கேட்டால், கொலையாளி யார் என்று சொல்லாமல் விட்டதில் கல்கியின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கரிகாலன் கொல்லப்படும் கடம்பூர் மாளிகையின் அந்த இருட்டு, தமிழ்த் தொடர்கதையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த இருட்டு. நந்தினி இருக்கிறாள், வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், பெரிய பழுவேட்டரையர் வருகிறார், பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் ஆபத்துதவிகள் சூழ்ந்திருக்கிறார்கள், கரிகாலனே சாவைத் தேடி வந்தவன்போலப் பேசுகிறான். விளக்கு அணைகிறது. யார் கையும் குற்றமற்ற கை இல்லை என்று நம் மனசுக்குப் பட்டுவிடுகிறது. அதற்குமேல் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கதை சிறுத்துப் போயிருக்கும்.

என் ஏமாற்றம் வேறு. பட்டத்து இளவரசன், ஒரு வீட்டின் மூத்த பிள்ளை, கொல்லப்படுகிறான். படுக்கையில் கிடக்கும் தகப்பன் இருக்கிறார். பெற்றவள் இருக்கிறாள். தங்கையும் தம்பியும் இருக்கிறார்கள். அந்த வீடு என்ன ஆனது? ஐந்து பாகம் அந்த வீட்டோடு வாழ்ந்துவிட்டு வந்த எனக்கு, சாவு விழுந்த பிறகு அந்த வீட்டுக்குள் போக வழி கிடைக்கவில்லை. ஈரம் காய்வதற்குள் அடுத்த மகுடம் யாருக்கு என்ற பேச்சு வந்துவிடுகிறது. வந்தியத்தேவன் மீது பழி, சிறை, தப்பித்தல், மதுராந்தகன் உண்மையில் யார் பிள்ளை என்ற ரகசியம், சேந்தன் அமுதன் தலையில் மகுடம் என்று கதை நான்கு கால் பாய்ச்சலில் போகிறது. அந்தப் பாகத்தின் பெயரே ‘தியாக சிகரம்’. பின்னாளில் ராஜராஜன் ஆகப்போகும் தம்பி அருள்மொழி அரசை விட்டுக்கொடுக்கும் பெருமைக்கு ஏறும் படிக்கட்டாகக் கரிகாலனின் சாவு ஆகிவிட்டது. அண்ணன் பிணத்தின் பக்கத்தில் தம்பி ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் நினைத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கல்கிக்குத் துக்கம் எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது. ‘சிவகாமியின் சபதம்’ கடைசிப் பக்கங்களில், ஏகாம்பரநாதர் சந்நிதியில் சிவகாமி இறைவனையே கணவனாக வரித்துக்கொள்ளும் இடத்தைக் கண் கலங்காமல் படித்தவர்கள் குறைவு. ‘பொன்னியின் செல்வ’னிலும் அழ வைக்கிறார். ஆனால் யாருக்காக? சுந்தர சோழரைக் காப்பாற்ற வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகும் மந்தாகினிக்காக. கடைசி அத்தியாயத்தில் உதிரும் மணிமேகலைக்காக. இருவரும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். வரலாற்றில் உண்மையாகவே செத்துப்போன பிள்ளைக்கும், உண்மையாகவே அவனைப் பெற்றவளுக்கும் அந்தக் கண்ணீரில் பாதிகூட வரவில்லை. சுந்தர சோழர் பக்கம் பக்கமாக உருகுவது இளமையில் தான் கைவிட்டு வந்த ஊமைப் பெண்ணை நினைத்து. வானவன் மாதேவி நாவல் முழுக்க நோயாளிக் கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டு ஓரமாக நிற்கிறாள்.

அவளைப் பற்றிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்தால் இந்த ஏமாற்றம் இன்னும் கூடும். அவள் திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண். அந்த ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே இருக்கிறது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும் அதே கல்வெட்டுத்தான், ராஜராஜனைப் பெற்ற இந்தத் தாய் பால்குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கணவனோடு எரியில் இறங்கினாள் என்றும் சொல்கிறது. சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தவர். ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றே கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. மூத்த மகனைப் பறிகொடுத்து, பிறகு கணவனையும் பறிகொடுத்து, மடியில் இருந்த குழந்தையை இறக்கி வைத்துவிட்டுப் போனவள். சோழர் கதையில் இதைவிடப் பெரிய சோகக் காட்சி எது? நாவலில் அது காட்சியாக விரியவே இல்லை.

உடன்கட்டையை எழுத கல்கிக்குக் கை கூசியிருக்கலாம். சீர்திருத்தக் கருத்துள்ளவர், பெண்கள் விரும்பிப் படித்த பத்திரிகையின் ஆசிரியர். அந்தத் தீயைப் புகழ்ந்து எழுத அவருக்கு மனம் வந்திருக்காது. அது நியாயம்தான். ஆனால் புகழாமலும் எழுத முடியும். அதே அரண்மனையில் செம்பியன் மாதேவி இருக்கிறாரே. கண்டராதித்தர் போன பிறகும் உயிரோடு இருந்து, மகனை வளர்த்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றி, ராஜராஜன் ஆட்சிக்காலம் வரை வாழ்ந்தவர். ஒரே வீட்டில் இரண்டு விதவைகள். ஒருத்தி பிள்ளைக்காக இருந்தாள். அவள் பிள்ளை அரசனானான். இன்னொருத்தியின் பிள்ளை அரசனாகும் முன்பே வெட்டுண்டான். அவள் கைக்குழந்தையையும் விட்டுப் போனாள். இந்த இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசும் ஒரு அத்தியாயம் போதும், நாவல் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

மகள் அந்தத் தாயை மறக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எடுத்து வைத்து, அவற்றுக்கு நகைகளும் வழிபாட்டுக்கு நிவந்தமும் குந்தவை கொடுத்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. துக்கத்தைக் கணக்காக எழுதி வைத்த பெண் அவள். நாவலில் வரும் குந்தவையோ அரசியல் சூட்சுமம் தெரிந்த இளையபிராட்டி. அவள் அறிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் அண்ணன் செத்த பிறகும் அவள் அறிவாளியாகவே இருப்பது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

கொலையாளிகள் பக்கமும் இதே கதைதான். கதையின் முதல் அத்தியாயம் வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவது எல்லோருக்கும் தெரியும். அந்த ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரம் கோயில் இருக்கிறது. 985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதன் சுவரில் உள்ளது. காட்டுமன்னார்கோவில் கிளையில் இருந்தபோது போய்ப் பார்த்திருக்கிறேன். பழைய எழுத்து படிக்கத் தெரியாத எனக்கு அது வரி வரியாக ஓடும் கீறல்தான். அச்சில் வந்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தடவிப் பார்த்தேன். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் வரிசை போகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்று பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச் சோழ பிரம்மாதிராஜன் என்று பட்டம். உடன்பிறந்தவர்களில் ஒருவன் பட்டத்தில் பாண்டியர் பெயர், இன்னொருவன் பட்டத்தில் சோழர் பெயர். அதோடு நிற்கவில்லை. தம்பிமார், மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், அவர்கள் மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவு உறவாக எண்ணி அத்தனை பேர் உடைமையையும் பறிக்க ஆணை. ரேவதாச கிரமவித்தன் என்பவனும் அவன் மகனும் அவன் தாய் பெரிய நங்கைச் சாணியும்கூட அந்தப் பட்டியலில் பெயரோடு வருகிறார்கள்.

கொன்றவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டிலும் ஒரு கிழவி இருந்திருக்கிறாள். நாவலில் ரவிதாசன் காட்டில் ஆந்தை மாதிரிக் குரல் கொடுக்கும் மந்திரவாதி. சிறு வயதில் அந்தக் குரலுக்கு நான் பயந்திருக்கிறேன். இன்று, பட்டமும் நிலமும் பெரிய குடும்பமும் உள்ள அதிகாரி ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்விதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

வாராவாரம் எழுதிய தொடர்கதையிடம் இவ்வளவு கேட்கலாமா என்பார்கள். மூன்றரை ஆண்டு, அடுத்த வாரத்துக்கு ஒரு முடிச்சு போட்டே தீர வேண்டிய நெருக்கடி. உண்மைதான். என் அம்மா இதழிலிருந்து பிரித்து பைண்டு செய்து வைத்த தொகுப்பு, மணியம் படங்களோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வாரத் துண்டும் எங்கே நின்றது என்று அதில் பார்க்கலாம். துக்கம் அப்படி வாரத்துக்கு ஒரு திருப்பமாக வராது. ஒரே இடத்தில் கிடக்கும். தொடர்கதைக்கு அது ஒத்துவராது என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், நான் நேசிக்கும் நாவலிடம்தான் கேட்க முடியும். வேறு யாரிடம் கேட்பேன்?

இனி எழுத வருகிறவர்களிடமும் கேட்கிறேன். கரிகாலன் இறந்ததற்கும் உடையார்குடி ஆணைக்கும் நடுவில் செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழரின் ஆட்சி ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்தது. நீலகண்ட சாஸ்திரி அந்தக் கொலையில் உத்தம சோழர் மீது சந்தேகத்தை வைத்தார்; சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். எது சரியாக இருந்தாலும் அந்த வீட்டின் நிலைமை ஒன்றுதான். அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா இருக்கிறார். செம்பியன் மாதேவி கோயில் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரை மதிக்கும் குந்தவையும் அருள்மொழியும் அதே குடும்பத்தின் பண்டிகைகளில் பக்கத்தில் நிற்கிறார்கள். கொள்ளுப்பாட்டன் பராந்தகனின் பட்டப்பெயரைத் தாங்கிய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில் ரவிதாசன் குடும்பத்தாரின் நிலத்தில் ஆண்டுதோறும் நெல் விளைகிறது. அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்களா? தெரிந்தால் அருள்மொழி எப்படித் தூங்கினான்? அந்த ஆண்டுகளை எழுத நினைப்பவர் கடம்பூர் மாளிகைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. கொலை நடந்த மறுநாள் காலையிலிருந்து தொடங்கட்டும்.