தாங்குகிற உடம்பைக் கொஞ்சம் பாருங்கள்

"தாங்கிக்கிற மனசு இருக்கிறவங்களுக்குத்தான் ஆண்டவன் இப்படிப் பிள்ளையைக் கொடுப்பான்." ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையின் அம்மா கல்யாண வீட்டிலும் கோயில் பிராகாரத்திலும் கேட்டுச் சலித்த பேச்சு இது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் மறுத்தாக வேண்டும். இதைச் சொன்ன கையோடு அவளைப் பற்றிய விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

மனசு தாங்கலாம், இடுப்பு தாங்குமா? நடக்க முடியாத பிள்ளை பத்து வயதில் இருபது கிலோவைத் தாண்டிவிடும். பாயிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து நாற்காலிக்கு, பிறகு ஆட்டோவுக்கு என்று ஒவ்வொரு முறையும் குனிந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது அம்மாதான். தூக்குகிற நேரம் பார்த்துப் பிள்ளையின் உடல் விறைத்துக்கொண்டால் மொத்தப் பாரமும் அவள் முதுகில் இறங்கும். டாக்டரிடம் போனால் "கனம் தூக்காதீங்கம்மா" என்பார். அது நடக்காத காரியம் என்று தெரிந்தே பலர் போவதில்லை, தைலத்தோடு காலம் தள்ளுகிறார்கள்.

"போகப் போகப் பழகிடும்" என்பது அடுத்த ஆறுதல். எலிசா எபெல், பின்னாளில் நோபல் பெற்ற எலிசபெத் பிளாக்பர்ன் முதலியோர் 2004இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தீராத நோயுள்ள பிள்ளைகளின் தாய்மார்களில், பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட, குரோமோசோம் நுனியைக் காக்கும் டெலோமியர் குட்டையாக இருந்தது. ஆய்வில் இருந்தவர்களில் மன அழுத்தம் மிகுந்தவர்களுக்கு அந்தக் குறைவு, குறைந்தது பத்து வருட முதுமைக்குச் சமம். 58 பெண்களை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான். ஆனால் பழகியதற்கான அடையாளம் அதில் இல்லை.

"பிள்ளைக்கு வைத்தியம் பாருங்க, அம்மாவுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று: தெரபி மையத்தில் பிள்ளை இருப்பது முக்கால் மணி நேரம். மீதிப் பயிற்சியெல்லாம் வீட்டில், இரவில் தூங்காத அந்த அம்மாவின் கையில்தான். அப்பாக்களின் நிலையும் லேசில்லை. ஃபீஸுக்காக இரட்டை ஷிப்ட் பார்ப்பவரிடம் "நீங்க தூங்கினீங்களா?" என்று கேட்க ஆளே இல்லை.

அரசு பார்த்துக்கொள்கிறதே என்பார்கள். மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பும் இல்லை. நல்ல ஏற்பாடு. தையல் கூடத்திலும் சித்தாள் வேலையிலும் இருப்பவளுக்கு அது எந்த வகையில் எட்டும்? நிராமயா காப்பீடு பிள்ளைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. அம்மாவின் டிஸ்க் அதில் வராது.

அப்படியானால் சொந்தபந்தம் என்னதான் செய்வது? பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் ஊட்டி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க நாத்தனார் ஒருத்தி கற்றுக்கொள்ளலாம். மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட தன் முதுகு ஸ்கேனை அந்த அம்மா அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.