சாட்சியின் இடம்

பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் 'பெயர்க் கிறிஸ்தவர்' என்றொரு சொல் உண்டு. ஞானஸ்நானம் பெற்று, கோயில் பதிவேட்டிலும் இடம்பெற்று, வாழ்க்கையில் மட்டும் அதற்குரிய மாற்றம் எதுவும் இல்லாதவர் என்பது அதன் பொருள். சீர்திருத்தச் சபைகளின் பிரசங்கங்களில் மிகுதியாக ஒலிக்கும் இச்சொல், கேட்பவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க உதவ வேண்டியது. ஆனால் அது எப்போதும் படர்க்கையிலேயே வழங்குகிறது, தன்மையில் வருவதே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் பெயர்க் கிறிஸ்தவர், சம்பந்தி வீட்டார் பெயர்க் கிறிஸ்தவர்கள், பாஸ்காவுக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டும் பூசைக்கு வருகிறவர் பெயர்க் கிறிஸ்தவர். தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டவர் எவரும் தென்படுவதில்லை.

ஒரு சமூகம் தன் கண்ணாடியைச் சன்னலாக்கிக்கொண்டதன் அடையாளம் இது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வேதாகமத்தின் இரண்டு சொற்களை உற்றுநோக்க வேண்டும். முதலாவது, பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்' என்றும், கத்தோலிக்கர் இன்று பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' என்றும் வரும் சொல். கிரேக்க மூலத்தில் இதற்குரிய 'பிஸ்திஸ்' என்பது ஒருவரை நம்புதல், அவருக்கு உண்மையாக இருத்தல் ஆகிய இரண்டையும் குறிக்கும். அந்த இரண்டாவது பொருளைக் கோயிலுக்கு வெளியே உள்ள பேச்சுத் தமிழ் இன்றளவும் காப்பாற்றி வைத்திருக்கிறது. உண்ட வீட்டுக்கு உண்மையாக இருப்பவரையே ஊர் 'விசுவாசமானவர்' என்கிறது. அவர் மனத்தில் என்ன கருத்து வைத்திருக்கிறார் என்று அது கேட்பதில்லை, அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே சொல்கிறது. கிறிஸ்தவ விசுவாசமும் அவ்வாறே ஒருவரிடம் காட்டும் உண்மை என்றால், அதை அளக்கும் கோல் விசுவாசியின் கைகளிலும் கால்களிலும் இருக்கிறதே தவிர, பிறரைப் பற்றி அவர் வைத்திருக்கும் மதிப்பீட்டில் இல்லை.

இரண்டாவது சொல் 'சாட்சி'. 'சாட்சியாக வாழ்தல்' என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் அன்றாடத் தொடர். வழக்குமன்றத்தில் சாட்சிக்கு உரிய இடம் கூண்டு. கண்டதையும் கேட்டதையும் சொல்வதோடு அவருடைய கடமை முடிந்துவிடுகிறது, தீர்ப்புக் கூறும் நாற்காலி வேறொருவருடையது. கிரேக்கத்தில் சாட்சியைக் குறிக்கும் 'மார்த்துஸ்' என்ற சொல்தான் பின்னர் இரத்தசாட்சியையும், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரையும், குறிக்கலாயிற்று.

அத்தகைய இருவருக்குப் பினாங்கோடு நேரடித் தொடர்பு உண்டு. 1665இல் சயாம் நாட்டின் அயுத்தியாவில் தொடங்கப்பட்டு 1808இல் பினாங்குக்கு வந்த 'காலேஜ் ஜெனரல்' என்னும் குருமடத்தில், அதாவது குருத்துவப் பயிற்சி இல்லத்தில், பிரெஞ்சுக் குருக்களான லொரான் அம்பேரும் ஜாக் ஷஸ்தானும் வெவ்வேறு காலங்களில் பாடம் நடத்தினர். பின்னாளில் இருவரும் கொரியா சென்றனர். 1839இல் அங்கே அரசு கிறிஸ்தவர்களை வேட்டையாடியபோது, மேய்ப்பர்கள் பிடிபட்டால் மந்தை தப்பும் என்று கருதிய ஆயர் அம்பேர் தாமே சரணடைந்து, ஷஸ்தானையும் மொபான் என்ற மற்றொரு குருவையும் சரணடையுமாறு எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று மூவரும் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தத் துன்புறுத்தலில் உறுதியாக நின்றவர்களும் இருந்தனர், வதை தாங்காமல் மறுதலித்தவர்களும் இருந்தனர். யார் உண்மை விசுவாசி, யார் பெயர் விசுவாசி என்று பிரித்துப் பார்த்தபின் செய்யப்பட்ட காரியமாக அந்தச் சரணடைதல் இல்லை. 1984இல் திருச்சபை அவர்களைப் புனிதர் என்று அறிவித்தது. அம்பேரும் ஷஸ்தானும் பாடம் நடத்திய குருமடம் இன்றும் இத்தீவில் இயங்குகிறது. தீர்ப்பிடும் நாக்கோடு கோயில் முற்றத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது நினைவூட்ட வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜார்ஜ் டவுனின் லெபோ ஃபார்குவாரில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் புனித ஜார்ஜ் ஆலயத்துக்கும் இந்த நினைவூட்டலில் பங்குண்டு. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் கோயிலாகிய அது 1818இல் கட்டி முடிக்கப்பட்டு மறு ஆண்டில் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர்கள் கைதிகள். கிழக்கிந்தியக் கம்பெனியார் பினாங்கைத் தண்டனைக் குடியேற்றமாகவும் வைத்திருந்தனர். இந்தியாவில் தண்டனை விதிக்கப்பட்டுக் கடல் கடத்தப்பட்டவர்களின் உழைப்பில் இந்நகரின் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. தீர்ப்புக்கு ஆளானவர்கள் எழுப்பிய சுவர்களுக்குள்தான் ஞாயிறுதோறும் மன்னிப்புக்கான மன்றாட்டு நிகழ்ந்துவந்திருக்கிறது. இதை அறிந்தபின் அந்தத் தூண்களை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

இன்றைய தீர்ப்புகள் சிறியவை போலத் தோன்றுபவை. அடுக்குமாடி வீடுகளின் நடைவழியிலும், பூசை முடிந்து காப்பி குடிக்கும் வேளையிலும் அவை வழங்கப்படுகின்றன. இந்துவை மணந்த பெண் நெற்றியில் பொட்டு வைத்தாளா, அண்ணன் வீட்டுக் கருமாதியில் தம்பி எதுவரை நின்றான், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போட்ட நண்பர்களோடு சேர்ந்து மோர் ஊற்றிக் கொடுத்தவன் இனி நற்கருணை வாங்கலாமா என்றெல்லாம் கேள்விகள் எழுகின்றன. திருமணப் பேச்சு வரும்போதோ, வேதாகமத்தில் எங்குமே இல்லாத சாதி அமைதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மோர் ஊற்றியவனை விசாரிக்கும் அதே வாய் சாதியை விசாரிப்பதில்லை என்பதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது. இயேசு மலைப்பொழிவில் பயன்படுத்திய, 'மாயக்காரர்' என்றும் 'வெளிவேடக்காரர்' என்றும் தமிழில் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லுக்கு மேடையில் நடிப்பவர் என்பது முதற்பொருள். பிறர் கண்ணில் உள்ள துரும்பைக் காட்டுகிறவர் தம் கண்ணில் கிடக்கும் மரத்தைப் பார்வையாளர் அறியாதபடி நடிக்க வேண்டியவராகிறார்.

எனினும், அந்த உவமை துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. மரத்தை எடுத்தபின் தெளிந்த கண்ணோடு சகோதரனுக்கு உதவுவதில்தான் அது முடிகிறது. தீர்ப்பிடாமை என்பதை வாய்மூடிக் கிடத்தலாகக் கொள்வதற்கு அங்கே இடமில்லை. கெடாவின் சுங்கை பட்டாணியில் பிறந்து, பினாங்கின் ஆயராகவும் பின்னர் 1983 முதல் 2003 வரை கோலாலம்பூரின் பேராயராகவும் பணிபுரிந்து, 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலான அந்தோனி சோத்தர் பெர்னாண்டஸ் இதற்குத் தக்க சான்று. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், வழக்கே நடத்தாமல் ஒருவரைச் சிறை வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1987இல் அச்சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதான 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் பிடிபட்டவர்களில் திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் அடங்குவர். அச்சட்டத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். 2012இல் அது நீக்கப்பட்டது. கேட்காமல் தண்டிப்பது அநீதி என்று நாட்டுக்குச் சொல்லும் சமூகம், தன் நடைவழிகளிலும் கேட்காமல் தண்டிக்கக் கூடாதல்லவா? ஓய்வு பெற்றபின் அவர் தேர்ந்துகொண்ட பணியும் கவனிக்கத்தக்கது: பேராயர் பதவியில் இருபதாண்டு இருந்தவர் பினாங்குக்குத் திரும்பி, காலேஜ் ஜெனரலில் இளம் மாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக, அதாவது அவர்களுடைய தடுமாற்றங்களைப் பொறுமையாகக் கேட்பவராக, அமர்ந்தார்.

கேட்பதற்கும் ஏற்பதற்கும் பழகிய வேறோர் இடம் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது. 1846இல் குன்றின்மேல் சிறு கோயிலாகத் தொடங்கி, 1888இல் அடிவாரத்தில் எழுந்த ஆலயத்தால் அறியப்பட்டு, 2019இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி பெற்ற புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஜூலை 26 திருநாளையொட்டி வருவோரில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம். தலையில் மல்லிகையும் நெற்றியில் குங்குமமுமாக ஒரு பெண் மெழுகுவத்தியைச் சாய்த்துப் பிடித்து, முன்பின் அறியாத சீனப் பாட்டி ஒருவரின் சுடரில் பற்றவைத்து, உருகி வழிந்து இறுகிய பழைய மெழுகின்மேல் அதை ஊன்றி நிறுத்துவதை அங்கே காணலாம். இது விசுவாசமா, வேண்டுதல் மட்டுமா என்று அருகில் நிற்கும் சில கிறிஸ்தவர்கள் முணுமுணுப்பதும் உண்டு. அந்தப் பெண் மகனுக்கு வேலை கேட்டு வந்திருக்கலாம், நோய் தீர்ந்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கலாம். எதற்காக என்று திருத்தலத்தின் வாசல் அவளிடம் கேட்கவில்லை. வாசலுக்குச் சொந்தக்காரர்கள் தாங்களே என்று எண்ணுகிறவர்கள்தாம் கேட்கிறார்கள்.

இவ்வாண்டும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், ஜார்ஜ் டவுன் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்கள் கூடும். புல் செதுக்கி, கல்லைக் கழுவி, செவ்வந்தியும் மெழுகுவத்தியும் வைக்கும் கூட்டத்தில் கிறிஸ்தவத் தாயின் இந்துப் பிள்ளைகளும், இந்துத் தகப்பனின் கிறிஸ்தவப் பேரர்களும் இருப்பர். தம் வீட்டுக் கல்லறைகளுக்கு ஏற்றியபின் மிஞ்சிய ஒன்றிரண்டு மெழுகுவத்திகளை, எவரும் தேடி வராத பக்கத்துக் கல்லறைகளில் வைத்துவிட்டுப் போவோரும் உண்டு. ஞாயிறு தவறாமல் வந்தவரின் கல்லும், ஆண்டுக்கு இருமுறை வந்தவரின் கல்லும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டிலும் பொறித்திருப்பது பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே.